கருமாதிக் கார்டின் பின்பக்கம்

தம்பி இறந்தபோது, கருமாதிக் கார்டு எத்தனை அடிக்க வேண்டும் என்று அச்சகத்துக்காரர் கேட்டார். முன்னூறு என்றேன். நூற்றைம்பது தாராளமாகப் போதும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். துக்கத்தில் இருக்கிறவனோடு வாதம் செய்யக் கூடாதென்று பிறகு விட்டுவிட்டார். எங்கள் சொந்தபந்தம் எல்லாம் பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே நாலைந்து ஊர்களிலும் பொள்ளாச்சிப் பக்கமும்தான். அதிலும் பாதிப் பேருக்குச் செய்தி செல்போனிலேயே போய்விட்டது. மிஞ்சிய கார்டுகள் ஒரு கட்டாக என்னோடு வீட்டுக்கு வந்தன.

மிஞ்சிய கருமாதிக் கார்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வந்த கார்டைக்கூட யாரும் வாசலைத் தாண்டி எடுத்துப்போக மாட்டார்கள். கேட்டில் நின்றபடியே படிப்பார்கள், அங்கேயே கிழித்துப் போடுவார்கள், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் புத்தகம் படிக்கிற ஆள். புத்தகம் படிக்கிறவர்களுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு. ஊரார் பயப்படுகிற எதற்கும் தாங்கள் பயப்படவில்லை என்று காட்டிக்கொள்வது ஒன்று. ஒருபக்கம் வெள்ளையாக இருக்கும் தாளைத் தூக்கி எறிய மனம் வராதது இன்னொன்று. கெட்டியான அட்டை, பின்பக்கம் பளிச்சென்று இருந்தது. மேசை இழுப்பறையில், வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி அடுக்கி வைத்தேன்.

சித்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் பகலெல்லாம் மலையாளத்தில் கோப்பு எழுதுவது என் பிழைப்பு. சாயங்காலத்தில் தமிழில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் வியாதி. அந்தக் கட்டுரைகளின் முதல் வரைவுகளை ஒன்பது மாதம் தம்பியின் சாவுச் செய்திக்குப் பின்புறம் எழுதினேன். முதல் வாரம் கார்டை எடுக்கையில் கை தயங்கியது. இரண்டாம் மாதம் தயங்கவில்லை. அப்புறம் அந்த அட்டைக்கு இன்னொரு பக்கம் இருப்பதே என் கண்ணில் படாமல் போயிற்று. எழுத்தை மறைக்க எலுமிச்சம்பழச் சாறெல்லாம் எதற்கு? ஒன்பது மாதப் பழக்கமே போதும்.

தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். ஆடி மாதத்தில் ஒரு காலை நெஞ்சு வலிக்கிறது என்றான். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கார் போய்ச் சேர்ந்தது, அவன் சேரவில்லை. மனைவி மறையூர்க்காரி. ஒரே மகள், பத்து வயது. கூட்டுக் குடும்பம் என்று பெருமையாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்கிற அளவில் நாங்கள் சேர்ந்துதான் இருந்தோம்.

அந்தப் பெண் அப்பா போன பிறகு பேசாமல் போய்விடவில்லை. பேசாமல் இருந்திருந்தால் டாக்டரிடமாவது கூட்டிப் போயிருப்போம். அவள் எதற்கும் 'செரி' என்று சொல்ல ஆரம்பித்தாள். சாப்பிடுகிறாயா என்றால் செரி. போதுமா என்றால் அதற்கும் செரி. அதற்கு முன்னால் ஒரு முட்டாயைக் கையில் கொடுத்தால் ஏன் பச்சை முட்டாய், ஏன் சிவப்பு இல்லை என்று அரைமணி நேரம் வழக்காடுகிற பிள்ளை. வீட்டில் எல்லோரும் "பாப்பா இப்பத்தே அடங்கியிருக்கறா" என்றார்கள். நானும் சொன்னேன்.

பங்குனியில் அவள் அம்மாவுக்கு மூணாற்றில் வேலை கிடைத்தது. சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேயிலையும் ஏலக்காயும் விற்கிற ஒரு கடை, தங்குவதற்கு மாடியில் ஒரு அறை. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, அம்மா மட்டும் போகட்டும், பிள்ளை எங்களோடு இருந்து படிக்கட்டும், ஒரு வருஷம் பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த முடிவுக்குள் எங்கள் ஆசையும் ஒளிந்திருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாம் முடிவான பிறகு, ஒரு மரியாதைக்கு, பிள்ளையிடமும் கேட்டோம்.

"அம்மிணி, நீ பெரீம்மாகூட இங்கயே இருக்கறயா? இல்ல அம்மாகூட மூணாறு போறயா?" என்றாள் என் மனைவி.

"செரி."

"எது கண்ணு செரி?"

"செரிங் பெரீம்மா."

அன்று சாயங்காலம் தம்பி மனைவி என்னிடம் வந்தாள். "மாமா, என்னை விட்டு இருந்துக்கிருவாளா, இல்ல நான் விட்டுட்டுப் போறேன்னு கோவமா, ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. அவ வாயிலருந்து ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும். இருக்கேன்னு சொன்னா நிம்மதியாப் போவேன். வாரேன்னு சொன்னா எப்பாடுபட்டாச்சும் கூட்டிக்கிட்டுப் போவேன்."

சித்திரை இரண்டாம் வாரம் அவள் கிளம்ப வேண்டும். அதற்குள் அந்த ஒரு வார்த்தையை வாங்கித் தருவதாக நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். குழந்தைகளைப் பேச வைக்கும் திறமை எனக்கு உண்டென்று யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். வாயால் சொல்ல முடியாததை எழுதச் சொல்லலாம். எழுதியது யார் கண்ணுக்கும் தெரியாது என்றால் எழுதிவிடுவாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் மட்டும் சூடுகாட்டிப் படித்துக்கொள்ளட்டும். ஒரு சனிக்கிழமை காலை, காய்ந்தால் மறைந்து சூடு பட்டால் தெரிகிற மறைமை செய்வதென்று அறிவித்தேன். கூட்டம் சேர்ந்தால்தான் விளையாட்டு என்று பக்கத்து வீட்டு அக்கா தங்கை இருவரையும் அழைத்துக்கொண்டேன். இருவரும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைகள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம் மாதிரி. தம்பி மகள் தமிழ் வழியில் படிக்கிறவள்.

முதல் மை எலுமிச்சம்பழம். ஈர்க்குச்சியைக் கூராகச் சீவி, சாற்றில் தொட்டு நோட்டுத்தாளில் எழுதினோம். காய்ந்ததும் எழுத்து மறைந்தது. ஆனால் ஈரம் பட்ட இடமெல்லாம் தாள் சுருங்கி, எதிரி எங்கே தேட வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது. நான் அதை மெழுகுவர்த்தியின் மேல் பிடித்தேன். தாள் பற்றிக்கொண்டது.

"மாமா, ரகசியம் எரிஞ்சு போச்சு," என்றாள் சின்னவள்.

"ரகசியம்னா அப்படித்தே. படிச்சதீம் எரிச்சரோணும்," என்று சமாளித்தேன்.

"படிக்கவே இல்லீங்களே?"

இரண்டாவது மை தெளுவு. புளிக்காமல் விடியற்காலையில் இறக்குகிற கள்ளுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். அந்தப் பிள்ளைகளின் தென்னந்தோப்பிலிருந்து ஒரு சொம்பு வந்தது. குடித்தது போக மிச்சத்தில் எழுதினோம். காயட்டும் என்று தரையில் பரப்பிவிட்டு நான் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் எறும்புகள் வந்து எழுத்தின் மேல் வரிசை பிடித்துவிட்டன. சின்னவள் தன் பெயரைத்தான் எழுதியிருந்தாள். அந்தப் பெயர் இப்போது கறுப்பாக, ஊர்ந்துகொண்டே, தாளின் நடுவில் கிடந்தது.

"மாமா, எறும்பெல்லாம் வாசிக்குதுங்!"

தம்பி மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான். ஆனாலும் ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மூளை ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திக்கொண்டது. "கெட்டித் தாள் இருந்தா சுருங்காது, இஸ்திரிப் பெட்டியில தேய்ச்சாலும் எரியாது," என்று சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, வெள்ளையான பக்கம் மேலே தெரிய, ஆளுக்கொரு கார்டு எடுத்துக் கொடுத்தேன். நானே, என் கையாலேயே கொடுத்தேன்.

விளையாட்டின் விதியையும் சொன்னேன். ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டும் தெரியவேண்டிய ஒன்றை எழுதி, அவரிடம் சேர்க்க வேண்டும். அவர் அதை வீட்டில் தேய்த்துப் பார்த்துக்கொள்வார். பெரியவள் மளமளவென்று எழுதி, காய்ந்ததும் எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்க ஓடினாள். சின்னவள் தனக்கே எழுதிக்கொண்டாள். தம்பி மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கார்டைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். என்ன எழுதுவதென்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

"எழுதியாச்சா கண்ணு?"

"செரிங் பெரீப்பா."

அந்தச் செரியை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவளின் கார்டைத் தேய்த்துக் காட்ட, மேசைமேல் என் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரித்து, எழுதின பக்கம் மேலாக வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். மெல்ல மெல்ல, பழுப்பாக, மலையாள எழுத்துக்கள் மேலே வந்தன. தனக்கு ஐஸ்கிரீம் வேண்டும் என்று தனக்கே தெரிவித்துக்கொண்டிருந்தாள். கைதட்டினோம். அட்டையைத் தூக்கினேன்.

அட்டைக்குக் கீழே, வேட்டியில், கறுப்பாகச் சில வரிகள் பதிந்திருந்தன. இடமும் வலமும் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருந்தன. இப்போதெல்லாம் அச்சு என்பது கம்ப்யூட்டர் பிரிண்ட்தான். சூடு பட்டால் அந்தக் கறுப்பு இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பது பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்ட விஞ்ஞானம். அந்த நிமிஷத்தில் எனக்கு எந்த விஞ்ஞானமும் நினைவுக்கு வரவில்லை. என் வேட்டியில் என் தம்பியின் பெயர் இடவலம் மாறி எழுந்து வந்திருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்கூட இப்படித் திரும்பி நின்றபடி வருவான் என்று நினைத்திருக்க மாட்டேன்.

"மாமா, இதென்னங் கோலம்?" என்றாள் சின்னவள்.

அதற்குள் கேட்டில் சத்தம். எதிர்வீட்டுப் பெரியவர் ஈரக் கையோடு நின்றிருந்தார். கை கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்தது.

"ஏப்பா, உன்ற தம்பி எத்தன தடவ சாவான்?"

"இல்லீங் மாமா, அது புள்ளைங்க வெளையாட்டுங்."

"வெளையாட்டா? நா வருசத் திதிக்கு இப்பவே கூப்பிடறயாக்கும்னு பாத்தா, ஆடி மாசத் தேதி போட்டிருக்குது. மொதத் தடவ கிழிக்கவே எனக்கு மனசு வரல. இன்னிக்கு உன்னால ரெண்டாந்தடவ கிழிச்சுப்போட்டேன். அவன் எனக்கு என்னப்பா பாவம் பண்ணுனான்?"

பின்பக்கத்தில் ரகசியம் எழுதியிருந்தது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பெரியவளிடம் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "தாத்தா, உங்க நாய்க்குட்டில ஒண்ணு எனக்கு வேணும்னு எழுதுனேங்," என்றாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வந்து எடுத்துக்க அம்மிணி. காயிதம் கீயிதம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் என் மனைவிக்கு உடனே தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, ஒம்பது மாசமா இத ஊட்டுக்குள்ளயா வெச்சிருந்தீங்க?"

"பின்னால வெள்ளையா இருந்துச்சு..."

"உங்களுக்கு எல்லாத்துலயும் பின்பக்கந்தே தெரியும்."

மிச்சக் கார்டுகள், நான் எழுதிக் குவித்திருந்த வரைவுகள், அந்த வேட்டி, மூன்றையும் அவள் சொன்னபடி கொல்லையில் போட்டு நானே தீவைத்தேன். என் நகைச்சுவை இத்தனை நன்றாக எரியும் என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் சொன்னதில்லை. ஒரு கார்டு மட்டும் தீக்குத் தப்பி, தம்பி மகளின் சட்டைக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. அதில்தானே அந்த வார்த்தை இருக்கிறது.

திங்கட்கிழமை காலை அவள் அம்மா கிளம்பினாள். பொள்ளாச்சி போய், உடுமலையில் மூணாறு பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோ வந்து நின்றபோது, பிள்ளை அம்மாவின் கைப்பையைத் திறந்து கார்டை உள்ளே சொருகுவதைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. தம்பி மனைவியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளையின் ரகசியத்தைப் பிள்ளைக்கு எதிரிலேயே உடைப்பானேன், ஊர் போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டதே கிடையாது என்று என் மனைவி சொல்வாள். மூடின ஒரே தடவை இது.

சாயங்காலம் போன் வந்தது.

"மாமா, யாரோ எம் பையில செய்வினை மாதிரி வச்சுவிட்டிருக்காங்க மாமா." மூணாற்றிலிருந்து தம்பி மனைவி. "சின்னாறு காட்டைத் தாண்டுறப்போ தண்ணி பாட்டில் எடுக்கலாம்னு கையை விட்டேன். அவரு பேரு போட்ட கார்டு! புது எடத்துக்குப் பொழைக்கப் போறவ கையில அதைக் கொண்டுபோகலாமா? ஜன்னல் வழியாக் கிழிச்சு விட்டுட்டேன். பொடிப்பொடியா."

நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். யார் வைத்தது, எதற்காக வைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ன எழுதியிருந்தா மாமா?"

"தெரியாது கண்ணு."

"அவ வாயத் தொறக்கணும்னு நான் கும்பிடாத சாமி இல்ல. தொறந்திருக்கா. நான் அதக் காட்டுல வீசிட்டு வந்திருக்கேன். இப்ப எம் புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

கட்டுரையில் ஒரு பத்தி சிக்கிக்கொண்டால் நான் வழக்கமாகச் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன். ஒரு பொய்யைப் போட்டு ஒட்டினேன். "படிச்சுட்டேன்னு சொல்லு. நீ எழுதினபடியே செஞ்சரலாம்னு சொல்லு. அப்பறம் அவளா என்ன பண்றான்னு பாத்துத் தெரிஞ்சுக்கலாம்."

மறுநாள் அம்மாவும் மகளும் பேசினார்கள். எனக்கு ஒருபக்கப் பேச்சுதான் கேட்டது. "படிச்சயா?" என்றாள் பிள்ளை. பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நெசமாவா?" என்றாள். "செரி," என்று போனை என்னிடம் நீட்டினாள். நீட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது தம்பியின் பார்வை. அவன் சீட்டு விளையாடும்போது நான் ஏமாற்றினால் ஒன்றும் சொல்ல மாட்டான். இப்படித்தான் பார்ப்பான்.

அடுத்த நாள் காலை, யாரும் சொல்லாமலே, அலமாரியிலிருந்து தன் துணிகளை எல்லாம் எடுத்துப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, அடைத்த துணிகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப அடுக்கினாள். என்னிடம் மட்டும் பிற்பாடு சொன்னாள்: "போறேன்னுதே எழுதியிருக்கறா. அத நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கு அத்தன பயமா அவளுக்கு? நா என்ன, புடிச்சு வெச்சுக்குவனா?" கொஞ்சம் கழித்து, "புடிச்சு வெச்சுக்கத்தே பாத்தேன்," என்றாள்.

மறுநாள் அவளை மூணாறுக்குக் கூட்டிப்போனேன். உடுமலையில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மலையடிவாரம் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் நிலைகொள்ளவில்லை. வறண்ட காடு. முள்ளும் பாறையுமாகக் கிடந்தது. எங்காவது ஒரு வெள்ளை தெரிந்தால் பார்வை அங்கேயே ஓடியது. பிளாஸ்டிக் உறை, காய்ந்த பூ, பறவை எச்சம். ஒவ்வொன்றிலும் என் தம்பி பெயரின் ஒரு எழுத்து இருந்தது. இத்தனைக்கும் நான் பேய் பிசாசை நம்பாதவன். அவை இப்படிப் பட்டப்பகலில், பஸ்ஸின் வேகத்துக்கு, துண்டு துண்டாகக் கூடவே வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"பெரீப்பா," என்றாள். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அம்மா அத எங்க கிழிச்சுதுங்?"

"கிழிச்சுதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா பொய் சொல்லுச்சு. நீ எழுதினபடியே செய்யலாம்னு சொல்லுச்சு. நா அதுல ஒண்ணுமே எழுதலீங்."

"ஒண்ணுமே எழுதலயா?"

"இல்லீங். அதுல அப்பா பேரு இருந்துச்சு. நா அத முன்னால பாத்ததே இல்ல. அன்னிக்கு எல்லாரும் வாங்குனதீம் கிழிச்சாங்க, எனக்கு யாருமே காட்டல. அம்மா தனியாப் போகுதல்ல. அப்பா கூடப் போகட்டும்னு வெச்சேன். நா உங்ககூட இருந்துக்கலாம்னுதே இருந்தேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பறம் எதுக்குக் கண்ணு கெளம்புன?"

புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "இல்லாத எழுத்தப் படிச்சேன்னு அம்மா சொன்னா, கார்டு அம்மாகிட்ட இல்லைன்னுதான அர்த்தம். கார்டு இல்லைன்னா அப்பா அங்க போய்ச் சேரல. அப்ப அம்மா தனியாத்தே இருக்கும். நானாச்சும் போகோணுமல்லங்."

ஒரு கார்டையாவது எரிக்காமல் வைத்திருந்தால் அவளிடம் கொடுத்திருக்கலாம். நூறு கார்டுக்கு மேல் வைத்திருந்தவன். கரும்பு வயல்கள் வந்தன, மறையூர் வந்தது, சந்தனமரங்களைச் சுற்றிய கம்பிவேலி வந்தது. அப்புறம் குளிர் வந்தது.

பஸ் நிலையத்தில் தம்பி மனைவி காத்திருந்தாள். கடையின் மாடி அறை சின்னது. இன்னொரு பெண்ணின் பாய் சுவரோரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. டீ வந்தது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குடித்து முடித்தார்கள்.

"கிழிச்சுட்டயாம்மா?" என்றாள் பிள்ளை.

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அதற்கு மேல் என் உதவி தேவைப்படவில்லை.

"கிழிச்சுட்டேன்டா. பயந்துட்டேன். அப்பா பேரப் பாத்தே பயந்துட்டேன்."

பிள்ளை எழுந்து தன் பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். ஒரு தாளைக் கிழித்து அம்மாவின் மடியில் வைத்தாள். சாதாரண நீலப் பேனா.

"எழுது. நா சொல்றேன்."

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்பது மாதமாகச் செரி தவிர அதிகம் பேசாத பிள்ளை, பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், மூச்சு விடாமல், கருமாதிக் கார்டை முதல் எழுத்திலிருந்து ஒப்பித்தாள். "அன்புடையீர்" என்று தொடங்கினாள். அப்பாவின் பெயர், அதற்கு முன்னால் போட்ட அடைமொழி, கிழமை, மணி, இடம். அந்த இரண்டு நாளில் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கணக்கிட முடியவில்லை. அவள் அம்மா குனிந்தபடி எழுதிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் பேனா நின்றது.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

"'எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகிறவர், இம்முறை சொல்லாமல் போய்விட்டார்.' அப்பறம் ஒரு புள்ளி."

அது நான் எழுதியது. அச்சகத்தில் வைத்திருந்த மாதிரி வாசகம் பிடிக்காமல், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "இதெல்லாம் கார்டுல வராதுங்களே," என்று அச்சகத்துக்காரர் தயங்கினார். நான் பிடிவாதம் பிடித்தேன். இருபது வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தில் யாராவது மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்றால் அது இது ஒன்றுதான்.

"இப்படிக்கு, வருந்தும்" என்று அவள் சொன்னாள். மனைவி என்றாள். அண்ணன் என்றாள். மகள் என்று சொல்லி, தன் பெயரையும் மற்ற பெயர்களைச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"கீழ அச்சகத்துப் பேரு இருந்துச்சு. அது வேண்டாம்."

தம்பி மனைவி தாளை இரண்டாக மடித்தாள். கேட்டும் இல்லை, வாசலும் இல்லை, வெளியே போடுவதற்கு இடமும் இல்லாத அறை. அலமாரியைத் திறந்து, தன் புடவைகளுக்கு நடுவில் அதை வைத்தாள். பிள்ளை எழுந்து போய் அது சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, என் தோல்பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க போங் பெரீப்பா. கடைசி பஸ் போயிரும். நா இங்கயே இருக்கறேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது செல்போன் அடித்தது. என் மனைவி. எடுக்கவில்லை. அவள் கேட்கப்போவது பிள்ளைக்கு நம்மோடு இருக்கப் பிடிக்கவில்லையா என்கிற ஒரே கேள்வி, அதற்கு நான் சொல்ல வேண்டியதும் ஒரே வரிதான். மூன்று பஸ் மாறி வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த வரியை எப்படியாவது எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.